வெள்ளி ஐந்து மணிக்குப் பெயர் மாறும்!

டெலிபோன் அலறியது.

செவ்வாய்க்கிழமை. செப்டம்பர் 15, 1987. காலை ஒன்பது பத்து. ஆக்லாந்தின் குயின் தெருவில் மூன்றாவது மாடியில் இருந்த அந்தப் பங்குப் பதிவு அலுவலகத்தில், யோகராணி அப்போதுதான் நனைந்த குடையை மடக்கி மூலையில் சாய்த்திருந்தாள்.

ரிசீவரை எடுத்தாள்.

"ராணி..."

கணவன் விநாயகமூர்த்தி! ஆனால் குரல் அவனுடையது மாதிரியே இல்லை.

"என்னப்பா? ஏன் உப்பிடி மூச்சு வாங்குறியள்?"

"மைக்கேல் செத்துப் போனான் ராணி!"

"என்ன?!"

"ஒபீஸ் பின் படிக்கட்டுக்குக் கீழை கிடக்கிறான். மண்டை உடைஞ்சு... நான்தான் முதல்லை கண்டனான். தூக்கிப் பார்த்தனான். கையெல்லாம் ரத்தம். பொலிஸ் வந்திட்டுது. அவையள் என்னைப் பாக்கிற பார்வை சரியில்லை..."

"நீங்கள் ஒண்டும் செய்யேல்லைத்தானே? பிறகென்ன பயம்?"

"நான் கொல்லேல்லை ராணி! ஆனா..."

லைன் செத்தது.

மூர்த்தியும் மைக்கேலும் பெல்ட்டன் என்ற பங்குத் தரகு நிறுவனத்தில் பின்னறைக் குமாஸ்தாக்கள். பங்கை விற்றவர்களிடம் சர்ட்டிபிகேட்டுகளை வாங்கி, எண்ணி, அடுக்கி, பெயர் மாற்றத்துக்கு யோகராணியின் அலுவலகத்துக்கு அனுப்புவது அவர்கள் வேலை.

அந்த வருஷம் ஆக்லாந்தே பங்குப் பைத்தியம் பிடித்து அலைந்தது. டாக்ஸிக்காரர், பல் டாக்டர், டெய்ரி கடைக்காரர்... யாரைத் தொட்டாலும் ஷேர்தான்! சர்ட்டிபிகேட்டுகள் மூட்டை மூட்டையாக வந்து எல்லா அலுவலகங்களிலும் மலையாய்த் தேங்கிக் கிடந்தன.

பதினொரு மணிக்கு டிடெக்டிவ் சார்ஜென்ட் பிளேர் வந்தார். ஆறடி உயரம். ஈரமான மழைக்கோட்டு. பேசியது ஆங்கிலம்தான். நாம் தமிழிலேயே கேட்போம்.

"மிஸஸ் மூர்த்தி, இது மைக்கேலோட மேசை டிராயர்ல இருந்தது. பாருங்க."

டைப் அடித்த ஒரு பட்டியலின் நகல். ஹார்ட்விக் டிம்பர் கம்பெனியின் அறுபத்து மூன்று சர்ட்டிபிகேட்டுகள். மொத்தம் நாலு லட்சம் பங்குகள். கீழே, 'திங்கள், செப்டம்பர் 14, மாலை 5 மணி. பதிவு அலுவலகத்தில் சேர்க்கப் பெற்றுக்கொண்டவர் வி. மூர்த்தி' என்று ஒரு வரி. அதன்கீழ் ஒரு கையெழுத்து.

யோகராணி காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது அவரின்ரை கையெழுத்தில்லை!"

"கையெழுத்து நிபுணர் வெலிங்டன்ல இருக்கார். பதில் வர பத்து நாள் ஆகும். அந்த அறுபத்து மூணும் இங்க வந்து சேர்ந்துச்சா?"

"இல்லை."

"பெல்ட்டன்லயும் இல்ல. இன்னைக்கு விலைக்குப் பதின்மூணரை லட்சம் டாலர். உங்க புருஷன் எடுத்தார், மைக்கேல் கேட்டார், படிக்கட்டுல தள்ளுமுள்ளு... அப்படித்தான் எனக்குத் தோணுது. மைக்கேல் செத்தது நேத்து சாயங்காலம் அஞ்சரைக்கும் ஏழுக்கும் நடுவுல. அப்ப உங்க புருஷன் எங்க?"

"அஞ்சு மணிக்கு வெளிக்கிட்டவர். மவுண்ட் வெல்லிங்டன்லை வீட்டிலை என்னோடதான் இருந்தவர்!"

"பெண்சாதி சாட்சி." சார்ஜென்ட் லேசாகச் சிரித்தார். "அதுவும் சர்ட்டிபிகேட்டுல பெயரை மாத்தற இடத்துல வேலை பாக்கற பெண்சாதி."

"மற்ற ஆக்களைக் கேட்டனீங்களோ?"

"கேட்டாச்சு. பார்ட்னர் மிஸ்டர் ராமநாதன் மூணு மணிக்கே ஹாமில்டன் கிளம்பிட்டார். மத்தவங்க எல்லாம் அஞ்சு மணிக்கு ஒண்ணா பப்புக்குப் போயிட்டாங்க. மிச்சம் உங்க புருஷன்தான். அவரை உள்ள வெச்சிருக்கோம்."

அவர் போனதும் யோகராணி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். நிரந்தர வதிவிடத்துக்கு எழுதிப் போட்டு எட்டு மாதமாகியும் பதில் இல்லை. மூர்த்திக்கு வேலை போனால் பெர்மிட் போகும். பெர்மிட் போனால் நாலு பேருக்கும் விமான டிக்கெட். இரண்டு பெண்பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு மறுபடியும் யாழ்ப்பாணமா? அங்கே என்ன நடக்கிறது என்று ரேடியோவைக் கேட்கவே அவளுக்குப் பயம்!

கூடவே மைக்கேல். போன மாதம்தான் மூத்தவளின் பிறந்த நாளுக்குக் கேக் தூக்கிக்கொண்டு வந்தவன்.

மூன்று மணிக்கு ராமநாதன் வந்தார்.

மலேசியாவில் ஈப்போக்காரர். ஐம்பது வயது. சாம்பல் நிற சூட், தங்க ஃபிரேம் கண்ணாடி. பெல்ட்டனின் பார்ட்னர். மூர்த்திக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான்.

"பசியாறியாச்சா தங்கச்சி?"

"எனக்கு எங்கை அண்ணை பசி..."

"சாப்பிடாம இருந்தா எப்படி லா? மூர்த்தி எனக்குத் தம்பி மாதிரி. ஆக்லாந்துலயே பெரிய வக்கீலா பாத்து வெச்சிடறேன். சிலவு என்னோடது."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஊரில் வேறு யார் வந்தார்கள்?

"பெரிய உதவி அண்ணை. என்னண்டு நன்றி சொல்லுறதெண்டு தெரியேல்லை."

"நன்றியெல்லாம் எதுக்கு? ஒரு சின்ன வேலை மட்டும் செஞ்சு குடுங்க." நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "ஹார்ட்விக் டிம்பருக்கு வெள்ளிக்கிழமை பேர் மாறுது இல்ல?"

மாறுகிறது. மரக்கடைக்குக்கூட 'கார்ப்' என்று வால் ஒட்டிக்கொள்ளும் காலம் அது. ஹார்ட்விக் டிம்பர் இனிமேல் ஹார்ட்கார்ப் பசிபிக்! வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் பழைய சர்ட்டிபிகேட்டுகள் எல்லாம் உள்ளே வந்துவிட வேண்டும். புதுப் பெயரில், புது நம்பர் போட்டு, புதுசு கொடுப்பார்கள். அதன்பிறகு பழசு வெறும் காகிதம்.

"காணாமப் போன அறுபத்து மூணுக்கும் பதிலா புதுசு அடிச்சுக் குடுத்துடுங்க. நஷ்டம் வந்தா பெல்ட்டன் பொறுப்புன்னு நான் எழுதித் தர்றேன். உங்க கையெழுத்து ஒண்ணு போதும்."

உண்மைதான். மேனேஜர் ருவாப்பெஹு மலையில் பனிச்சறுக்கப் போய்க் காலை முறித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். இந்த வாரம் முழுக்க யோகராணியின் கையெழுத்துதான்.

"போட்டா?"

"எங்களுக்கு நஷ்டமில்லன்னு போலீஸ்ல சொல்லிடுவேன். திருட்டு கேஸ் புஸ்ஸுன்னு போயிடும். மைக்கேல் மழை ஈரத்துல கால் வழுக்கி விழுந்தான். அவ்வளவுதான்!"

"போடாட்டி?"

ராமநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவசரமே இல்லாமல் துடைத்தார்.

"போடாட்டி ஊர் என்ன பேசும்? புருஷன் எடுத்தான், பெண்டாட்டி அமுக்கிட்டான்னு பேசும். ரெண்டு பேரும் உள்ள போயிட்டா பிள்ளைங்களை யார் பாக்கறது? உங்க நல்லதுக்குத்தான் லா சொல்றேன்."

எழுந்தவர் அவள் மேசை டெலிபோனைப் பார்த்து முகம் சுளித்தார்.

"உங்க எக்ஸ்டென்ஷன் இருபத்தாறா? ஐயோ, மாத்திக்குங்க தங்கச்சி! ரெண்டும் ஆறும் எட்டு. சனி. அதான் இத்தனை கஷ்டம். பக்குரங்காவுல பதினேழாம் நம்பர் வீடு அரண்மனை மாதிரி கிடைச்சுது. வேணாம்னுட்டேன்! என் கையால எட்டுக் கூட்டு வர்ற நம்பரைத் தொடவே மாட்டேன்."

கதவருகில் திரும்பினார்.

"வெள்ளிக்கிழமை அஞ்சு மணி. மறந்துடாதீங்க."

அவர் போன பிறகும் அந்த 'அஞ்சு மணி' அறைக்குள்ளேயே நின்றது.

வேலை முடிந்ததும் அவள் ரானுயிக்குப் போனாள். மைக்கேலின் வீடு. சர்ச்சிலிருந்து வந்த பெண்கள் முன்னறையில் முழங்காலில் நின்று ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மைக்கேலின் மனைவி அன்னம்மா, ஏழு மாத வயிற்றோடு, சமையலறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா," என்றாள் அன்னம்மா. அழுது அழுது குரல் கட்டிப் போயிருந்தது. "உங்க வீட்டுக்காரரா இப்படிப் பண்ணினாரு?"

"இல்லையம்மா! சத்தியமா இல்லை!"

"அப்ப யாருக்கா? என் புள்ளைக்கு நான் யாரைக் காட்டுவேன்?"

யோகராணி அருகில் உட்கார்ந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு இவளும் அழுதாள்.

புதன் காலை காவல் நிலையத்தில் பத்து நிமிடம் அனுமதி. ஒரே இரவில் மூர்த்திக்குப் பத்து வயது கூடியிருந்தது.

"பிள்ளையள் என்ன செய்யினம்?"

"அப்பா எங்கை எண்டு கேக்கினம். வேலை விஷயமா வெலிங்டன் போட்டார் எண்டு சொல்லியிருக்கிறன். உங்களுக்கு அடிகிடி விழுந்ததே?"

"இல்லை. தேத்தண்ணியெல்லாம் தருகினம். ராணி, நான் உந்த லிஸ்டைக் கண்ணாலயும் கண்டதில்லை! ஆனா மைக்கேல் போன கிழமை ஒரு கதை சொன்னவன்."

"என்ன கதை?"

"எங்கட ஒபீசாலை ஹார்ட்விக் பங்கு வித்துக்கொண்டே இருக்கினம், ஆனா விக்கிற ஆளின்ரை சர்ட்டிபிகேட் ஒண்டும் பெட்டிக்கு வரேல்லை எண்டவன். ஆரோ கையிலை இல்லாத சாமானை விக்கினமாம்!"

"ஆரெண்டு சொன்னவரே?"

"சொல்லேல்லை. திங்கட்கிழமை நேரை கேட்டுப் பாக்கிறன் எண்டவன்."

திங்கட்கிழமை... அன்றைக்குத்தானே மைக்கேல் செத்தான்!

"நான் கையெழுத்துப் போட்டா உங்களை விடுவினமாம். ராமநாதன் அண்ணை சொல்லுறார். போடட்டே?"

மூர்த்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தான்.

"போடாதை ராணி. பிறகு நீயும் உள்ளுக்கு வந்திடுவாய். பிள்ளையளுக்கு ஒராளாவது வேணும்."

அலுவலகத்துக்குத் திரும்பி, பட்டியலைப் பதிவேட்டோடு ஒப்பிட உட்கார்ந்தாள். அறுபத்து மூன்று நம்பர்களும் நிஜ நம்பர்கள்தான். பதிவேட்டில் இருந்தன. ஆனால் எல்லாம் எப்படிப்பட்ட ஆட்கள் பெயரில்? ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டவர்கள், விலாசம் மாறினவர்கள், செத்துப் போனவர்கள். தேடிப் பிடிக்க முடியாத ஜனங்கள்!

நம்பர் தப்பில்லாமல் டைப் ஆகியிருக்கிறதா என்று பார்க்க அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. கொழும்பு வங்கிக் காலத்துப் பழக்கம். நம்பரின் இலக்கங்களைக் கூட்டி ஒற்றை இலக்கமாகச் சுருக்கி, பக்கத்திலேயே பென்சிலால் எழுதுவாள். 4352 என்றால் பதினாலு. ஒன்றும் நாலும் ஐந்து. பதிவேட்டுப் பக்கமும் ஐந்து. சரி. அடுத்தது.

அறுபத்து மூன்றையும் முடித்தாள். பென்சில் வரிசையைப் பார்த்தாள்.

ஐந்து, இரண்டு, ஒன்பது, ஏழு, ஒன்று, நாலு, ஆறு, மூன்று, ஏழு...

எட்டு?

மறுபடி பார்த்தாள். எட்டு ஒன்றுகூட இல்லை!

பக்கத்துத் தட்டிலிருந்து வேறு அறுபத்து மூன்று சர்ட்டிபிகேட்டுகளை எடுத்துக் கூட்டினாள். ஏழு எட்டுகள் இருந்தன. இன்னொரு தட்டு. அதில் ஆறு. மூன்றாவது தட்டில் ஒன்பது.

'என் கையால எட்டுக் கூட்டு வர்ற நம்பரைத் தொடவே மாட்டேன்.'

பென்சிலைக் கீழே வைத்தாள்.

வந்த சர்ட்டிபிகேட்டுகளைப் பார்த்து எழுதிய பட்டியல் இல்லை இது. எவரும் வந்து பார்க்கக்கூடிய பதிவேட்டை யாரோ புரட்டி, உட்கார்ந்து பொறுக்கியது. மிளகாய்க்குக் காம்பு கிள்ளுவது போல எட்டுகளையெல்லாம் கிள்ளிப் போட்டுவிட்டுப் பொறுக்கியது! மைக்கேல் சர்ச்சுக்குப் போகிறவன். அவனுக்கு நம்பராவது நாளாவது. மூர்த்தி பிறந்ததே பதினேழாம் தேதி. அவன் எட்டுக்குப் பயந்தால் பிறந்த நாளே கொண்டாட முடியாது.

பெல்ட்டனில் மிச்சம் இருக்கிற தமிழர் ஒருவர்தான். நேற்று இதே நாற்காலியில் உட்கார்ந்து, பசியாறியாச்சா என்று கேட்டவர்!

அவள் பட்டியலை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

வியாழக்கிழமை காலை. சார்ஜென்ட் பிளேர் அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"சனி கிரகத்தை சாட்சிக் கூண்டுல ஏத்தச் சொல்றீங்களா மிஸஸ் மூர்த்தி?"

"சிரிக்காதேங்கோ! அவருக்கு ஏன் அந்த லிஸ்ட் தேவைப்பட்டது எண்டதைக் கேளுங்கோ. அவர் தன்னட்டை இல்லாத பங்கை வித்திருக்கிறார்."

"இல்லாததை எப்படி விக்க முடியும்?"

"இண்டைக்கு ரெண்டு டொலர் பத்துச் சதத்துக்கு வித்துப்போட்டு, நாளைக்கு விலை விழ ஒரு டொலருக்கு வாங்கிக் குடுத்தா, மிச்சம் லாபம்தானே."

"வாங்கினவன் சர்ட்டிபிகேட் எங்கன்னு கேக்க மாட்டானா?"

"கேப்பான். 'பேப்பர் வேலை தேங்கிக் கிடக்கு, வரும்' எண்டு சொல்லலாம். இந்த வருஷம் எல்லா இடத்திலையும் மூண்டு மாசம் தேங்கித்தான் கிடக்கு. ஒருத்தருக்கும் சந்தேகம் வராது. ஆனா விலை விழேல்லை. மூண்டு நாப்பதுக்கு ஏறிப்போட்டுது! இப்ப வாங்கிக் குடுத்தா அவர் தெருவிலை நிக்க வேண்டியதுதான்."

சார்ஜென்ட்டின் சிரிப்பு நின்றது.

"சரி. இன்னும் மூணு மாசம் இழுத்தடிக்க வேண்டியதுதானே?"

"ஏலாது! கம்பெனிக்குப் பேர் மாறுதே! பழைய பேர், பழைய நம்பர் எல்லாம் நாளைக்கு அஞ்சு மணியோட செத்துப் போகும். வித்தவை எல்லாரும் அதுக்குள்ளை பழைய சர்ட்டிபிகேட்டை மேசையிலை வைக்க வேணும். கம்பெனி வெளியிட்டது நாப்பது லட்சம் பங்கு. வாங்கின ஆக்களைக் கூட்டினா நாப்பத்து நாலு வரும்! இதுவரைக்கும் தேங்கின பேப்பருக்குள்ளை ஒளிச்சிருந்தார். இனி ஒளிக்க இடமில்லை."

"ஆனா... 'சர்ட்டிபிகேட் இருந்தது, குமாஸ்தா திருடிட்டான்'னு சொன்னா?"

"ஓம். அப்ப நான் புதுப் பேரிலை, புது நம்பரிலை பதில் சர்ட்டிபிகேட் குடுப்பன். இல்லாத நாலு லட்சம் பங்கும் என்ரை கையெழுத்தாலை உண்மையான பங்காப் போயிடும்! மைக்கேல் உயிரோட இருந்தா, பெட்டிக்கு ஒண்டும் வரேல்லை எண்டு சொல்லியிருப்பார்."

சார்ஜென்ட் எழுந்து ஜன்னலருகில் போய் நின்றார். மழை.

"நம்பறேன். ஆனா நம்பிக்கை கோர்ட்டுக்குப் போதாது. எட்டு இல்லைன்னு ஒருத்தரைத் தூக்க முடியாது."

"எனக்கு ஒரு கவர் தாங்கோ," என்றாள் யோகராணி.

"கவரா?"

அவள் ஒரு துண்டுக் காகிதத்தில் ஏதோ எழுதி, மடித்துக் கவரில் போட்டு ஒட்டி, அவர் கையில் கொடுத்தாள். பிறகு பதினைந்து நிமிடம் தணிந்த குரலில் பேசினாள். அது என்ன என்று இப்போதே சொல்லிவிட்டால் உங்களுக்கு வெள்ளிக்கிழமை எதற்கு?

வெள்ளி. மாலை நாலு முப்பத்தைந்து.

மற்றவர்களை நாலரைக்கே அனுப்பிவிட்டாள். ராமநாதன் ஸ்ட்ராங் ரூமுக்குள் வந்தார். இரும்பு அலமாரிகள், ஒரு மேசை, ஒரு பல்பு.

"என்ன தங்கச்சி, பொட்டிக்குள்ள கூப்பிட்டுட்டீங்க? புதுசெல்லாம் ரெடியா?"

"ரெடி அண்ணை." மேசையில் கட்டைத் தட்டிக் காட்டினாள். ஹார்ட்கார்ப் பசிபிக். பளபளப்பான காகிதம், புத்தம் புதிய நம்பர்கள். "என்ரை கையெழுத்துத்தான் மிச்சம். ஆனா ஒரு சிக்கல்."

"என்ன சிக்கல்?"

"உங்கட லிஸ்டிலை பத்தொன்பதாவது சர்ட்டிபிகேட்... அந்த ஆள் தீமாருவிலை உயிரோட இருக்கிறார். இண்டைக்குக் காலமைத் தபாலிலை சர்ட்டிபிகேட்டை அனுப்பிப் போட்டார்."

ராமநாதனின் முகம் கறுத்தது. ஒரு நொடிதான்.

"மைக்கேல் டைப் பண்றப்ப நம்பரைத் தப்பா அடிச்சிருப்பான் லா!"

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான். அதைப் போல ஐயாயிரம் பங்குள்ள, இன்னும் வராத நம்பர் அஞ்சு இருக்கு. எது எண்டு நீங்கள்தான் சொல்ல வேணும். இல்லாட்டி முழு லிஸ்டும் நிண்டு போகும்."

காகிதத்தைத் தள்ளினாள்.

2456. 3914. 1520. 3127. 5003.

ராமநாதன் குனிந்து பார்த்தார். உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. யோகராணி அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"3127," என்றார்.

"நிச்சயமோ அண்ணை?"

"என் கண்ணால பாத்தேன்! மைக்கேலோட தட்டுல மேலாப்புல இருந்துச்சு."

"அப்ப அதை உங்கட கையாலயே எழுதித் தாங்கோ. எப்ப, எங்கை பார்த்தனீங்கள் எண்டும் எழுதுங்கோ. ஓடிட்டர் கேப்பான்."

பேனா காகிதத்தின்மேல் நின்றது.

"நேரம் எல்லாம் எதுக்கு?"

"லிஸ்ட் திங்கள் அஞ்சு மணி எண்டு இருக்கு. அதுக்கு முதல் பார்த்ததெண்டா வேறை கட்டிலை இருந்தது எண்டுவான், பிறகு பார்த்ததா இருந்தாத்தான் எடுபடும். மணி நாலு அம்பது அண்ணை. எனக்கு அறுபத்து மூண்டு கையெழுத்து வைக்க வேணும்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். புதுச் சர்ட்டிபிகேட் கட்டைப் பார்த்தார். நெற்றியில் வியர்வை. கடகடவென்று எழுதினார். 'திங்கள், செப்டம்பர் 14, மாலை 5.20. பெல்ட்டன் அலுவலகத்தில், மைக்கேலின் முன்னிலையில், சர்ட்டிபிகேட் 3127-ஐ நேரில் பார்த்தேன்.' கையெழுத்து.

"போடுங்க லா, சீக்கிரம்!"

யோகராணி அதை எடுத்துச் சத்தமாகப் படித்தாள். மேசை டிராயரைத் திறந்தாள். ஐந்து பழைய சர்ட்டிபிகேட்டுகளை எடுத்து வரிசையாக வைத்தாள். 2456. 3914. 1520. 3127. 5003.

"அஞ்சும் புதன்கிழமையே என்னட்டை வந்திட்டுது அண்ணை. 3127 ஒருநாளும் உங்கட ஒபீசுக்கு வந்ததே இல்லை. பக்குரங்காவிலை ஒரு வெள்ளைக்கார மனுசி பிஸ்கட் டின்னுக்குள்ளை வைச்சிருந்தவ."

ராமநாதன் பின்னால் கை நீட்டி இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினார். குரல் மட்டும் மாறவே இல்லை. அதே தேன்.

"மைக்கேலும் இப்படித்தான் தங்கச்சி. 'சர்ட்டிபிகேட் எங்க சார், சர்ட்டிபிகேட் எங்க சார்'னு. படிக்கட்டுல நின்னுக்கிட்டுக் கேட்டான். அங்க நின்னா கேப்பாங்க?"

ஒரு அடி முன்னால் வைத்தார். யோகராணி பின்னால் நகர்ந்தாள். அலமாரி முதுகில் முட்டியது. கத்த வாயைத் திறந்தாள்.

இன்னொரு அடி.

"மூணு மணிக்கே ஹாமில்டன் போயிட்டதா சொன்னீங்களே மிஸ்டர் ராமநாதன்!"

அலமாரிக்குப் பின்னாலிருந்து ஆறடி சார்ஜென்ட் வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் தமிழ் தெரிந்த ஒரு மொழிபெயர்ப்பாளர், கையில் குறிப்பேட்டோடு.

"அஞ்சு இருபதுக்கு மைக்கேல்கூட இருந்ததா உங்க கையாலயே எழுதியிருக்கீங்க. நன்றி!"

ராமநாதன் கதவுப் பக்கம் பாய்ந்தார். அவரே சாத்திய கதவு. திறப்பதற்குள் விலங்கு மாட்டியாயிற்று.

சார்ஜென்ட் சட்டைப் பையிலிருந்து கவரை எடுத்துக் கிழித்தார். துண்டுக் காகிதத்தை வாசித்தார். '3127-ஐ எடுப்பார். மற்ற நாலும் எட்டு.'

"கடவுளே," என்றார் அவர். "சனி கிரகத்துக்கு சாட்சிப் படி எவ்வளவு குடுக்கணும் மிஸஸ் மூர்த்தி?"

யோகராணி அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். வெளியே மணி ஐந்து அடித்தது. ஹார்ட்விக் டிம்பர் என்ற பெயர் செத்தது. புதுச் சர்ட்டிபிகேட் கட்டு கையெழுத்தில்லாமல் மேசையிலேயே கிடந்தது.

சனிக்கிழமை மத்தியானம் மூர்த்தி வீட்டுக்கு வந்தான். பெண்பிள்ளைகள் இரண்டும் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு இங்கிலீஷில் நூறு கேள்வி கேட்டன. அவனால் ஒன்றுக்கும் பதில் சொல்ல முடியவில்லை.

நவம்பர் முதல் வாரம். மறுபடியும் டெலிபோன்!

"மவுண்ட் ஈடன் சிறையிலிருந்து அழைப்பு. எடுத்துக்கறீங்களா?"

ஒரு கணம் தயங்கினாள். "ஓம்... யெஸ்."

"தங்கச்சி!" ராமநாதன். மூச்சிரைத்தது. "இங்க பேப்பர் தர மாட்டேங்கறாங்க. மார்க்கெட் விழுந்துடுச்சாமே? ஹார்ட்கார்ப் என்ன விலை லா?"

அக்டோபர் இருபதாம் தேதி ஆக்லாந்து பங்குச் சந்தை தலைகுப்புற விழுந்தது. அன்றிலிருந்து இன்னும் விழுந்துகொண்டே இருந்தது.

"அறுபது சதம்," என்றாள்.

மறுமுனையில் அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று புரியாத ஒரு சத்தம்.

"அறுபது! விழும்னு நான் சொன்னேன்ல? என் கணிப்பு சரி லா! அஞ்சு வாரம்... அந்தப் பேர் மாத்தறதை அஞ்சே வாரம் தள்ளிப் போட்டிருந்தா ஆறு லட்சம் லாபம்! எவனும் எதையும் கேட்டிருக்க மாட்டான்!"

அவள் ரிசீவரை வைக்கப் போனாள்.

"கேளுங்க தங்கச்சி, இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. வக்கீல்கிட்ட பணம் இருக்கு. மார்க்கெட்டுல நாலு லட்சமும் அடிமாட்டு விலைக்கு வாங்கி எல்லாருக்கும் டெலிவரி குடுத்துடலாம். யாருக்கும் ஒரு பாக்கி இருக்காது! சர்ட்டிபிகேட் கேட்டுக் கியூவுல யார் யார் நிக்கறாங்கன்னு மட்டும் சொல்லுங்க..."

"கியூவிலை முதல் ஆளா அன்னம்மா நிக்கிறா அண்ணை," என்றாள் யோகராணி. "அவவுக்கு மைக்கேலை எந்த மார்க்கெட்டிலை வாங்கி டெலிவரி குடுக்கப் போறியள்?"